ஒரு கணினி, இரண்டு இயங்குதளங்கள்

விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. எதில் நுழைவது என்று கணினியே கேட்கும். லினக்ஸ் என்ற சொல்லைப் பல பிள்ளைகள் முதன்முதலில் பார்த்தது அந்தத் திரையில்தான்.

லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் இன்றும் இந்த 'டூயல் பூட்' வழியாகத்தான் வருகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை தேடும் டிப்ளமோ மாணவருக்கு ஆட்டோகேடோ சாலிட்வொர்க்ஸோ தெரிந்திருக்க வேண்டும். ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. படிப்பவருக்கு சீமென்ஸின் டி.ஐ.ஏ. போர்ட்டல் தேவை. இவை எதுவும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. லினக்ஸில் ஓடும் ஃப்ரீகேட் 2024இல் 1.0 பதிப்பை எட்டிவிட்டது, வரைந்து பழக அருமையான கருவி. ஆனால் அதை மட்டும் நம்பி நேர்காணலுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறைகளுக்கு வருவோம். 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் இடம் போதாமல் போகலாம். விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் கணினிக் கடிகாரத்தில் எழுதுவதால், மாறி மாறிப் போகும்போது ஐந்தரை மணி நேரம் பிசகும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் அதன் வட்டில் லினக்ஸால் எழுத முடியாமல் போகலாம். இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது நம் பழக்கம். வை-ஃபை கிடைக்காத முதல் நாளே பழகிய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறோம். பிறகு லினக்ஸ் வெறும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. பாஸ் லினக்ஸுக்கும் பல வீடுகளில் இதே கதிதான். மேனிலைப் பாடநூலில் உபுண்டு இடம்பெறுவதற்கு 2018 வரை ஆனது. கருவி முதலில் வந்தது, கற்பித்தல் பின்னால் வந்தது.

ஆகவே, விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் தேவைப்படாமல், கல்விக்கும் எழுத்துக்கும் இணையத்துக்கும் கணினி தேடுபவர், லினக்ஸுக்கென்றே தனியாக ஒன்றை வாங்குவதே மேல் என்பது என் தீர்ப்பு. அதற்கு இது நல்ல காலம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத ஏழாம் தலைமுறை இன்டெல் கணினிகளை அலுவலகங்கள் கழிக்கின்றன. திங்பேட், லாட்டிட்யூட் போன்ற அந்த அலுவலக மடிக்கணினிகளில் 8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் லினக்ஸ் மின்ட் தடையில்லாமல் ஓடும். தமிழ்99 விசைப்பலகையையும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். தேய்ந்த பேட்டரிதான் பெரிய குறை. மாற்றும் செலவையும் விலையோடு கூட்டியே பேரம் பேச வேண்டும். அச்சுப்பொறியும் கவனிக்க வேண்டியது. நம் ஊர்க் கடைகளில் எங்கும் காணும் கேனான் எல்.பி.பி. 2900 லினக்ஸில் எளிதில் பணியாது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலேறி, கணினி வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் தம்பி தங்கைகளே, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே அதிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள். வை-ஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.