பின்னல் கோலாட்டக் குழு

பின்னல் கோலாட்டத்தில் உயரே கட்டிய வளையத்திலிருந்து பல வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆடும் சிறுமியர் ஆளுக்கொரு கயிற்றின் நுனியைக் கோலோடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றுவார்கள். எதிரே வருபவளின் கோலைத் தட்டி, ஒருத்தியை உள்பக்கமும் அடுத்தவளை வெளிப்பக்கமுமாகக் கடக்கக் கடக்க, தலைக்கு மேலே சடை இறங்கி வரும். பிறகு அதே ஆட்டத்தைத் திருப்பி ஆடி அதை அவிழ்க்க வேண்டும். கலையின் உச்சம் இந்த அவிழ்ப்புதான். பின்னும்போது ஒருத்தி தடம் மாறியிருந்தால் இங்கேதான் முடிச்சாக நிற்கும். எல்லோரும் நின்று, சேர்ந்தே அதை எடுக்க வேண்டும்.

குழுவில் பழகியவர்களிடம் நிலைத்துவிடும் குணங்கள் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன. நன்றாக ஆடுகிறவள் வேகமெடுத்தால் பின்னல் கோணிவிடும்; ஆகவே அவள் நிதானிக்கக் கற்கிறாள். கூச்சமுள்ள பெண்ணுக்கும் வட்டத்தில் விலக்க முடியாத இடம் உண்டு. தனியாக மேடையேறத் தயங்குபவள் தோழிகளோடு தயங்காமல் ஏறுகிறாள். தாளம் உடம்பில் ஊறிவிடுவதால், பல ஆண்டுகளுக்குப் பிறகும் எந்தக் கும்மியிலும் அவளால் சட்டென்று சேர்ந்துகொள்ள முடிகிறது.

ஒருத்தி வராவிட்டால் ஜோடி குலைந்துவிடும் என்பதால் ஒத்திகையை யாரும் எளிதில் தவறவிடுவதில்லை. இரு திசைகளிலும் ஆடத் தெரிந்த மூத்த மாணவியே இளையவர்களுக்குக் கற்றுத்தருவாள்.