சூரியனுக்குத் தேதி, எங்களுக்குச் சாதி

1980 பிப்ரவரி 16. சனிக்கிழமை. சாயங்காலம் சூரிய கிரகணம். ஊர்த்தெருவில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சேரியில் சாத்துவதற்குக் கதவு எத்தனை வீட்டில் இருந்தது? நான் எட்டாம் வகுப்பு. அறிவியல் வாத்தியார் சில பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு, மறுபக்கம் எண்ணெய் தடவின தாளை ஒட்டிக் கேமரா செய்துகொண்டு போனவன் நான். அந்தத் தாளில் மிளகு அளவுக்கு, ஓரம் கடிபட்ட சூரியன் விழுந்தது. எல்லாரும் முறை வைத்துப் பார்த்தார்கள்.

டவுனிலிருந்து போட்டோக்காரர் வந்தார். பின்னாடி சுவர் காரை பேந்து அசிங்கமாக இருந்தது. "டேய், நீ இந்த வேட்டிய விரிச்சுப் பிடிச்சிக்கடா" என்றார் வாத்தியார். பெட்டியை வேறொரு பையன் கையில் கொடுத்தார். படத்தில் வாத்தியார் இருக்கிறார், ஏழு பையன்கள் இருக்கிறார்கள், என் பெட்டி இருக்கிறது. வெள்ளை வேட்டியின் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் தெரிகிறது. அது நான். படத்தின் கீழே எட்டுப் பேர் எழுதிச் சட்டம் போட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டினார்கள்.

சொந்தக் கதையை ஏன் இழுக்கிறேன் என்று தோழர்கள் கேட்கலாம். அறிவியலைப் படம் பிடிப்பது பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு முதலில் அந்த எட்டு விரல்தான் ஞாபகம் வருகிறது. யார் கேமராவுக்கு முன்னால், யார் பின்னால், யார் திரைக்குப் பின்னால்? யாருக்குப் பேர், யாருக்குப் பேர் இல்லை? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஒரு அறிவியல் படத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

கொடைக்கானல் வான்நோக்குக்கூடத்துப் படங்களைக் கொஞ்ச நாளாகக் கணினியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். மேகம் மறைக்காத நாளெல்லாம் ஒரு கண்ணாடித் தகடு. வெள்ளை ஒளியில் எடுத்தது ஒரு வகை. சூரிய ஒளியைப் பிரித்து, கால்சியம் அணு உறிஞ்சும் ஒரே ஒரு நிறத்தை மட்டும் மெல்லிய பிளவு வழியாக விட்டு, சூரிய வட்டம் முழுவதையும் கோடு கோடாகத் துழாவி எடுத்தது இன்னொரு வகை. நூறு வருஷத்துக்கும் மேலான அந்தத் தகடுகளை இப்போது கணினியில் ஏற்றி யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி உண்டு, நேரம் உண்டு. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படம் பிடித்து, புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் அது எவர்ஷெட் விளைவுதான்.

அதே 1909. அதே சென்னை மாகாணம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற ஏழு தொகுதிகளை வெளியிட்டார். நூலாசிரியர் பேர் அட்டையில் இருக்கிறது. உதவியாளர் கே. ரங்காச்சாரி பேரும் இருக்கிறது. உள்ளே நிழற்படங்கள். நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், நேராகப் பார்க்கிறார்கள். கீழே பெரும்பாலும் சாதிப் பேர், இனப் பேர். அவ்வளவுதான். அந்தப் பெண் யார், என்ன வயசு, எந்தக் கிழமை, எதுக்கு வந்து நின்றாள், கூலியை விட்டுவிட்டு வந்தாளா? ஒன்றும் கிடையாது.

"அந்தக் காலத்தில் அப்படித்தான், இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். அளக்கிற வேலையை ஆரம்பித்தது நாங்களா சார்? நான் எங்கள் அளவுகோலைக் கொண்டுவரவில்லை. கொடைக்கானல் அளவுகோலைத்தான் கேட்கிறேன். தேதியும் நேரமும் இல்லாத சூரியப் படம் சான்றாகாது என்று அந்தக் காலத்துக்கே தெரிந்திருந்தது. மனுஷி படத்துக்கு மட்டும் அந்த ஒழுங்கு எங்கே போயிற்று? சூரியன் ஒன்றுதான், ஆனாலும் நேற்றைய சூரியன் வேறு, இன்றைய சூரியன் வேறு என்று பதிவு செய்தார்கள். எங்கள் ஆட்கள் லட்சக்கணக்கில் இருந்தும் ஒருத்தரைப் பார்த்தால் எல்லாரையும் பார்த்த மாதிரி என்று எழுதினார்கள். அறிவியலின் சொந்த விதிப்படியே இது அரைகுறை அறிவியல். மிச்சப் பாதி நிர்வாகம்.

தர்ஸ்டன் கையில் கேமரா மட்டும் இல்லை. உயரம் அளக்கும் கம்பம், மூக்கு அளக்கும் காலிப்பர், கைப்பிடி வலுவை அளக்கும் கருவி எல்லாம் இருந்தன. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். அந்த எண் ஏற ஏறச் சாதி இறங்கும் என்று 1890களில் ரிஸ்லி சொல்லிக்கொண்டிருந்தார். அவரே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையர். மூக்குக்கும் சர்க்காருக்கும் அவ்வளவு நெருக்கம்.

தர்ஸ்டன் தன் முன்னுரையில் சில சம்பவங்களை வேடிக்கையாகச் சொல்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உருவமாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று பயமாம். நீலகிரியில் ஒரு இருளர், பழைய சிறு குற்றம் ஒன்றுக்காகத் தேடப்பட்டவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க மறுத்துவிட்டாராம். படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை. அறிவியல் நிழற்படம் பற்றி நம் பக்கத்திலிருந்து வந்த ஆகப் பழைய விமர்சனங்களில் இவை இரண்டையும் வைக்கிறேன். செத்த மிருகத்துக்குப் பஞ்சடைத்துக் கண்ணாடிக்குள் வைக்கிற கட்டடம் அது. அங்கிருந்து வருகிறவன் 'மாதிரி' தேடுகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்கள் சரியாகவே படித்தார்கள். அந்த இருளரும் சரியாகவே படித்தார். அளக்கிற கையும் தண்டிக்கிற கையும் ஒரே சர்க்காரின் கைதானே. அவர்கள் ஓடியதையும் மறுத்ததையும் மூடநம்பிக்கை என்பது விமர்சகர்களின் சோம்பேறித்தனம்.

சரி, இந்தப் படங்களை என்ன செய்வது? "கொளுத்திப் போடுங்க தோழர்" என்றான் ஒரு மாணவன். கோபம் நியாயம். ஆனால் உள்ளே இருப்பது யார்? நம் பூட்டி, ஓட்டன். அவர்களை ரெண்டாவது தடவையும் இல்லாமல் ஆக்குவதா?

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1850இல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று காட்டுவதற்காகத் தென் கரோலினாவில் அடிமைகளைப் படம் எடுக்க வைத்தார். ஆடையைக் களைந்து நிறுத்தி எடுத்த வெள்ளித் தகட்டுப் படங்கள். 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகப் பரணில் அவை கிடைத்தன. அவற்றில் ஒட்டியிருந்த சீட்டுகளில் பேர் இருந்தது: ரெண்டி, அவர் மகள் டெலியா. எந்தத் தோட்டக்காரனின் உடைமை என்று குறிப்பதற்காக எழுதின சீட்டுதான். ஆனாலும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு தமாரா லேனியர் என்ற பெண் 'இவர் என் மூதாதை' என்று 2019இல் வழக்குப் போட்டார். படம் அவருக்குச் சொந்தமாகாது, ஆனால் மன வேதனைக்காக வழக்கை நடத்தலாம் என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 மே மாதம் உடன்பாடு வந்தது. படங்களைத் தென் கரோலினாவில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஹார்வர்டு சம்மதித்தது.

அவமானப்படுத்த எடுத்த படத்தையும் ஒரு பேர் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வருகிறது. நம் ஆட்கள் படத்தில் அந்தச் சீட்டுகூட இல்லை. சாதிப் பேரை வைத்துக்கொண்டு எந்தப் பேத்தி எந்தப் பாட்டியைக் கேட்பாள்?

அம்பேத்கர் ஒரு வழி காட்டியிருக்கிறார். 1948இல் வந்த 'தீண்டப்படாதார்' நூலில், அளந்தவர்களின் மூக்களவுப் புள்ளிகளையே கையில் எடுத்தார். பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்றுதான் உங்கள் எண் சொல்கிறது என்று அவர்கள் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார். அவர் எண்ணைக் கொளுத்தவில்லை. திரும்பப் படித்தார். படத்தையும் அப்படித்தான் திரும்பப் படிக்க வேண்டும்.

போன வருஷம் என் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். படம் இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் பழுப்பேறி. இப்போதைய தலைமையாசிரியை எனக்குப் பின்னால் பிறந்தவர். விஷயத்தைச் சொன்னேன். "எந்த விரல் சார்?" என்று கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு அவரே படத்தைக் கழற்றிப் பேனாவைக் கொடுத்தார். பின்னட்டையில் எழுதினேன்: 16.2.1980, மாலை நாலு மணி சுமார், கிரகணம், பெட்டி செய்ததும் வேட்டி பிடித்ததும் இன்னார் என்று. என் அம்மா பேரையும் சேர்த்து எழுதினேன். எண்ணெய் கொடுத்தது அவள்தான்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில், சேரியில், பள்ளியில், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழைய படம் இருக்கும். ஓரத்தில் நிற்கிறவர், கருவியைத் தூக்கி வந்தவர், பாதி முகம் தெரிகிறவர் யார் என்று வயசானவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பேர், ஊர், நாள் எழுதுங்கள். சூரியனுக்குச் செய்த மரியாதையைத்தான் கேட்கிறோம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.