டையும் தோள்சீலையும்

மைசூரு ஹெப்பாளில் தொழிற்பேட்டையும் மென்பொருள் வளாகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஷிப்ட் மாறும் வேளையில் சாலையோரம் நின்றால், ஒருவரின் முகத்தைப் பார்க்குமுன்பே அவருடைய வேலை தெரிந்துவிடும். நீலச் சட்டையும் கனத்த பாதுகாப்புக் காலணியும் என்றால் இயந்திரக்கூடம். புடவைக்கு மேல் ஒரே நிறத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு கூட்டமாக வருகிறவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். டி-ஷர்ட், ஜீன்ஸ், கழுத்தில் ஐடி கார்டு என்றால் மென்பொருள் துறை. தோளில் பட்டி, இடுப்பில் பெல்ட், கழுத்தில் டை என்றால் காவலாளி. இந்த நால்வரில் வெயிலில் டை கட்டி நிற்பவர் காவலாளி மட்டும்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன் டை வேறு கழுத்தில் இருந்தது. 2005இல் இங்கே இன்போசிஸ் தன் உலகக் கல்வி மையத்தைத் தொடங்கியது. 2009இல் இரண்டாவது மையம் வந்தபின், ஒரே நேரத்தில் 10,000 பேருக்கு மேல் பயிற்சி பெறும் இடமாக அது வளர்ந்தது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கும் ஊராக ஹெப்பாள் ஆனது. பெட்டிக்குள் புதிதாகத் தைத்த பேண்ட், வெளிர்நீலச் சட்டை, கறுப்பு ஷூ, ஒரு டை. பல வீடுகளில் டை கட்டத் தெரிந்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. விடுதி அறைத்தோழன் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பான். 2015 ஜூனில் அந்த நிறுவனம் உடை விதியைத் தளர்த்தி, வாரம் முழுவதும் எளிய அலுவலக உடை போதும் என்றது. பொறியாளரின் கழுத்திலிருந்து டை இறங்கியது. வாசலில் நிற்பவரின் கழுத்தில் அது தங்கிவிட்டது.

உடை சமூகத்தின் கண்ணாடி என்று பள்ளிக் கட்டுரைகளில் எழுதுகிறோம். அது பாதி உண்மை. கண்ணாடி உள்ளதைக் காட்டுவதோடு நின்றுவிடும். உடை ஆளை உள்ளே விடும், வெளியேயும் நிறுத்தும். ஆகவே ‘இங்கே இன்னதைத்தான் உடுத்த வேண்டும்’ என்ற விதி யாருக்கு என்ன செய்தது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. அரண்மனை, ஆலை, மென்பொருள் என்று மூன்று காலத்து உடைகளை இந்த ஊர் ஒரு நூற்றாண்டுக்குள் பார்த்துவிட்டது.

அரண்மனையிலிருந்து ஆலைக்கு

மைசூர் தர்பாருக்குள் நுழைய வேண்டுமானால் நீண்ட கோட்டும் தலைப்பாகையும் வேண்டும். சரிகைக் கரையிட்ட அந்தத் தலைப்பாகையை, மைசூர் பேட்டாவை, 1912 முதல் 1918 வரை திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யாவின் படங்களில் இன்றும் காணலாம். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1918இல் இங்கே தத்துவப் பேராசிரியராக வந்தவர். தலைப்பாகையும் நீண்ட கோட்டும் கடைசிவரை அவர் அடையாளமாகவே இருந்தன. அரசனின் அவைக்குரிய உடை படித்தவரின் உடையாகப் பரவிய காலம் அது.

அதே 1912இல் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் பட்டு நெசவாலையைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது அரச குடும்பத்தின் தேவைக்கும் படையினரின் அலங்கார உடைக்கும் நெய்தது. விடுதலைக்குப் பின் ஆலை மாநில அரசின் கைக்கு வந்தது. 1980 முதல் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகம் அதை நடத்துகிறது. அரண்மனைக்கென்று நெய்த துணி கடை அலமாரிக்கு வந்தது. தமிழ்க் குடும்பங்களில் ‘மைசூர் சில்க்’ என்ற பெயருக்குத் தனி இடம் கிடைத்தது. காஞ்சிப் பட்டு கல்யாணக் கூடத்துக்கு என்றால், கனமில்லாத மைசூர்ப் பட்டு வேலைக்குப் போகிற பெண் விசேஷ நாளில் உடுத்திக்கொண்டு பேருந்திலும் ஏறக்கூடிய புடவை.

பேட்டாவும் பட்டும் ஒரே அரண்மனையிலிருந்து இறங்கியவை. ஆனால் இறங்கிய விதம் வேறு. பட்டுப்புடவை கீழே வந்தபோது மதிப்பு குறையவில்லை. உடுத்துகிறவர் தானே விரும்பி வாங்கினார். நெய்தவருக்குக் கூலியும் கிடைத்தது. பேட்டா இரண்டு வழியாகப் பிரிந்தது. ஒரு வழியில் அது பாராட்டு விழா மேடையில் யாருடைய தலையிலும் வைக்கப்படும் மரியாதை ஆயிற்று. சாதி பார்க்காமல் ஒரு மகுடம் கிடைப்பது நல்ல மாற்றம். இன்னொரு வழியில், தலைப்பாகை நட்சத்திர விடுதி வாசலில் கார்க் கதவைத் திறப்பவரின் சீருடை ஆயிற்று. அதிகாரம் கழற்றிப் போட்ட உடை, சேவகம் செய்பவரின் மேல் ஏற்றப்பட்டது. தலைப்பாகைக்கு நடந்ததுதான் ஹெப்பாளில் டைக்கும் நடந்திருக்கிறது.

ஏணியாகும் உடை

உடை விதியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஃபார்மல்ஸ் ஒரு பாதுகாப்பு. வசதியான வீட்டுப் பிள்ளை எதை உடுத்தினாலும் அவனை உள்ளே விடுவார்கள். கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கு, ‘இதைப் போட்டால் போதும்’ என்று எழுதி வைத்த விதி பெரிய துணை. எது சரி, எது தவறு என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு பேண்ட்டும் இரண்டு சட்டையும் வாங்கினால் நேர்காணல் அறையில் எல்லாரோடும் சமமாக உட்காரலாம். விதி இல்லாத இடத்தில்தான் எழுதப்படாத விதி ஆள்கிறது. அது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

பள்ளிச் சீருடையும் இந்த அறத்தில் பிறந்ததுதான். காமராசர் ஆட்சிக் காலத்தில் மதிய உணவோடு சீருடையும் பேசப்பட்டபோது, வகுப்பறையில் கந்தலும் பட்டும் அடுத்தடுத்து உட்காரும் கொடுமைக்கு முடிவு கட்டுவதே நோக்கம். அரசுப் பள்ளியில் படித்த எவருக்கும் அதன் பயன் தெரியும்.

அம்பேத்கர் கோட்டும் சூட்டும் அணிந்ததை இந்த ஒளியில்தான் பார்க்க வேண்டும். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழையின் உடையைத் தன் உடையாக்கிக்கொண்ட பெருஞ்செயல் அது. ஆனால் துறப்பதற்கு முதலில் உடை இருக்க வேண்டும். உடுத்தும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களின் தலைவர், இருப்பதில் சிறந்ததை உடுத்தியதன் பொருள் வேறு. இன்றும் ஊர் முனையில் நிற்கும் அவருடைய சிலையின் நீலக் கோட்டைப் பார்த்து நிமிர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே உந்துதலில்தான் ஹெப்பாளுக்கு வந்த பெட்டிகளில் டை இருந்தது.

உடுத்தலாம், எங்களைப் போல வேண்டாம்

இனி குறைகள். முதன்மையான குறையைப் புரிந்துகொள்ளத் தென்திருவிதாங்கூருக்கு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போக வேண்டும். நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போராடினார்கள். சந்தையிலும் தெருவிலும் அவர்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு அதை அழைக்கிறது. 1859 ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து, எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்தது. அதோடு ஒரு நிபந்தனையும் சேர்த்தது: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது.

உரிமையைக் கொடுத்த கையே வேற்றுமையைக் காப்பாற்றிக்கொண்டது. உடை விதிகளின் உள்நோக்கத்தை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொன்னதில்லை என்பேன். கீழே இருப்பவர் மறைக்க விரும்பினால் திறந்து காட்டு என்பது. அவர் போராடி வென்றால், சரி, மறைத்துக்கொள், ஆனால் எங்களைப் போல வேண்டாம் என்பது. வித்தியாசம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் விதியின் உயிர். துணி அதற்கு ஒரு கருவி.

ஹெப்பாளின் டையையும் திருவிதாங்கூரின் தோள்சீலையையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஒன்றில் இரத்தம் சிந்தியது. இன்னொன்றில் சம்பளம் கிடைக்கிறது. ஆனாலும் அடியில் ஓடும் போக்கு ஒன்றே. கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் டை கட்டக் கற்றுக்கொண்ட சில ஆண்டுகளில், அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர்கள் டி-ஷர்ட்டுக்கு மாறிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் மென்பொருள் முதலாளிகள் தொடங்கி வைத்த வழக்கம் அது. இப்போது உடைக்கு விதி இல்லை என்கிறார்கள். ஆனால் எந்த டி-ஷர்ட், எந்தக் காலணி, எதைப் போட்டால் ‘ஸ்மார்ட்’, எதைப் போட்டால் ‘லோக்கல்’ என்ற கணக்கு உள்ளே நடந்துகொண்டே இருக்கிறது. திருப்பூரில் தமிழ்க் கைகள் தைத்த பனியன் துணிதான், வெளிநாட்டு முத்திரை குத்தி வந்தால் அந்தஸ்து பெறுகிறது. ஏணியில் ஏறி வந்தவருக்கு மேற்படி எட்டும் நேரத்தில் படி நகர்ந்துவிட்டது.

பெண்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஆணுக்கு டக்-இன்னோடு விதி முடிந்துவிடும். பெண்ணுக்குத் துப்பட்டாவை எங்கே பின் குத்த வேண்டும் என்பது வரை நீளும். 2019இல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு வெளியிட்ட ஆணை புடவையோடு சல்வாரையும் சுடிதாரையும் ஏற்றது. ஆனால் துப்பட்டா வேண்டும் என்றது. ஆணின் உடையில் ‘அலுவலுக்கு ஏற்றதா’ என்று கேட்கிறவர்கள், பெண்ணின் உடையில் ‘ஒழுக்கத்துக்கு ஏற்றதா’ என்று கேட்கிறார்கள். கர்நாடகத்தில் 2022இல் கல்லூரிச் சீருடையை ஒட்டி எழுந்த ஹிஜாப் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு அக்டோபரில் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். வகுப்பறையில் பிள்ளைகளைச் சமமாக உட்கார வைக்கப் பிறந்த சீருடை, சில பெண்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியது. எந்த நோக்கத்துக்காக ஒரு விதி பிறந்ததோ அந்த நோக்கத்தையே அது முறிக்கும்போது, விதியைத்தான் திருத்த வேண்டும். பிள்ளையின் படிப்பை நிறுத்தக் கூடாது.

ஒரே சட்டையின் எல்லை

அப்படியானால் எல்லாருக்கும் ஒரே உடை கொடுத்துவிட்டால் வேற்றுமை போய்விடுமா? அதையும் இந்தியா பார்த்திருக்கிறது. 1980களில் மாருதி ஆலையில் ஜப்பானிய வழக்கப்படி மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம் என்ற ஏற்பாடு வந்தது. கோட்டுப் போட்ட மேலதிகாரியையே பார்த்துப் பழகிய நாட்டில் அது பெரிய மாற்றம். ஆனால் 2011இலும் 2012இலும் அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் வெடித்த போராட்டங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஊதியத்தையும் நிலையையும் கேள்வியாக்கின. சட்டை ஒன்றாக இருந்தது. சம்பளச் சீட்டு ஒன்றாக இல்லை. கூலியும் உரிமையும் சமமாகாத இடத்தில் ஒரே சட்டை வேற்றுமையை மூடி மறைக்கும் துணியாகிவிடுகிறது.

சட்டத்தாலும் பாதிதான் முடிகிறது. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்துக்குள், வேட்டி கட்டியிருந்ததால் உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே, வேட்டியை உடுத்தியதற்காக யாரையும் பொது இடத்தில் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற ஒரு தாழ்ப்பாளை உடைத்த நல்ல சட்டம். ஆனால் வேட்டி கட்டியவர் நீதிபதியாக இருந்ததால்தான் நாடு திரும்பிப் பார்த்தது. அதே மண்ணில் கைலி கட்டி உழைப்பவருக்கு வாசல்கள் இன்னும் முகம் சுளிக்கின்றன.

எடைபோடும் முறை

இவ்வளவையும் ஒரு தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாயும்? உடை விதியையே ஒழித்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஹெப்பாள் இயந்திரக்கூடத்தில் தளர்ந்த துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் உயிருக்கு ஆபத்து; தொப்பியும் கனத்த காலணியும் அங்கே கட்டாயம் வேண்டும். கூடத்துக்குள் வரும் மேலாளரும் அதையே அணிந்தாக வேண்டும் என்பதால் அது நேர்மையான விதி. அது வேலையைப் பார்த்துப் பிறந்தது. ஆளைப் பார்த்துப் பிறக்கவில்லை.

நல்ல விதிக்கு இதுதான் உரைகல். விதியை வகுத்தவர் அதைத் தானும் உடுத்துவாரா? உடுத்துகிறவரின் உடம்புக்கும் ஊரின் வெயிலுக்கும் அது பொருந்துமா? வாசலில் நிற்கும் காவலாளியின் டையை இந்த உரைகல்லில் தேய்த்தால் அது தேறாது. அவருடைய வேலைக்கு டை எந்த உதவியும் செய்யவில்லை. உள்ளே இருப்பவர்கள் சுமை என்று கழற்றியதையே அவர் சுமக்கிறார்.

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பார்கள். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றும் சொல்வார்கள். முதல் மொழி பார்க்கிறவர் பேசுவது. இரண்டாவது உடுத்துகிறவருக்குச் சொல்வது. இதுவரை நம் உடை விதிகளை முதல் மொழியை நம்பியவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது மொழியில் உள்ள கண்ணியம், உடுத்துகிறவர் தன் உடை மேல் தானே கொண்டிருக்கும் அதிகாரம். கன்னியாகுமரிப் பெண்கள் கேட்டதும் அதைத்தான்.

ஹெப்பாளில் அதற்குப் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. அடுத்த முறை உடை விதியைத் தளர்த்தும் எந்த நிறுவனமும், பொறியாளருக்கு அனுப்பும் அதே சுற்றறிக்கையில் காவலாளியின் பெயரையும் துப்புரவுப் பணியாளரின் பெயரையும் சேர்த்து எழுதட்டும். அந்தச் சாலையோரத்தில் வெயில் எல்லார் கழுத்திலும் ஒன்றுபோலத்தான் அடிக்கிறது.