எலீ வீசலின் ‘இரவு’: முறையீடாக மிஞ்சிய நம்பிக்கை

எலீ வீசலின் ‘இரவு’ 1958 இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த சிறிய நூல். அதன் நீண்ட முதல் வடிவம், உலகம் மௌனமாக இருந்தது என்ற பொருள்படும் தலைப்பில், 1956 இல் இத்திஷ் மொழியில் வந்தது. நாஸி வதைமுகாமில் இறைநம்பிக்கையை இழந்த ஒரு யூதச் சிறுவனின் கதை என்றுதான் பொதுவாக இதைச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

நூலின் தொடக்கத்தில், சிகெட் என்ற ஊரில், மோஷே என்ற ஏழைப் பணியாளர் சிறுவனுக்கு வேதஞானம் சொல்லிக் கொடுக்கிறார். சரியான கேள்விகளைக் கேட்கும் பலத்தைத்தான் அவர் இறைவனிடம் வேண்டுகிறார். அங்கே கேள்வியும் ஒரு வணக்கம். 1944 இல் அவுஸ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்படும்போது சிறுவனுக்கு 15 வயது. கேள்வியை அவன் அங்கேயும் விடவில்லை. அதன் தொனிதான் மாறுகிறது.

உணர்ச்சிகளை வீசல் எதிரெதிராக நிறுத்தும் விதத்தைக் கவனியுங்கள். முகாமில் ஓர் இளைஞன் தூக்கிலிடப்படுகிறான். அன்றிரவு சூப் மிகவும் ருசியாக இருந்தது என்கிறார். பிறகு ஒரு சின்னப் பையனைத் தூக்கிலிடுகிறார்கள். உடல் பாரமில்லாததால் உயிர் பிரிய அரை மணித்தியாலத்துக்கு மேலாகிறது. அன்றைய சூப்பில் பிண ருசி. இரண்டுக்கும் இடையில் ஒரு விளக்கமும் இல்லை. பசி மனுசனை எங்கே கொண்டுபோய் விடுகிறது, எந்த இடத்தில் அந்தப் பசியும் தோற்கிறது என்பதை ஒரு கோப்பை சூப்பே சொல்லிவிடுகிறது.

இறைவன் எங்கே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, இந்தத் தூக்குமரத்தில்தான் என்று அவனுக்குள் ஒரு குரல் பதில் சொல்கிறது. எங்கட அகீதா இந்தப் பதிலை ஏற்காது. அதைச் சொல்லாமல் தாண்டிப் போகவும் முடியாது. ஆனால் நூல் அந்த இடத்தோடு முடிவதில்லை. மரண ஓட்டத்தில் பின்தங்கிய தன் தகப்பனை ஒரு ரப்பியின் மகன் வேண்டுமென்றே விட்டுவிட்டு ஓடியது தெரியவந்ததும், தானும் அப்படிச் செய்துவிடக்கூடாதென்று சிறுவன் பிரார்த்திக்கிறான், தான் நம்பாத இறைவனிடமே! இல்லையென்று முடிவு கட்டிய ஒருவனிடம் யாராவது போய் முறையிடுவார்களா? 1945 ஜனவரியில் புக்கன்வால்டில் தகப்பன் கடைசியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மகன் பதில் பேசவில்லை. அந்தப் பிரார்த்தனையை நினைத்துக்கொண்டு வாசித்தால்தான் இந்த மௌனத்தின் பாரம் விளங்கும்.

துக்கத்தை இறைவனிடம் முறையிடுவது யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் நமக்குப் பழக்கமானது. அந்த முறையீட்டில் நம்பிக்கை கலையவில்லை. வீசலின் சிறுவனிடம் கலைகிறது. வித்தியாசம் பெரிசு. என்றாலும், இருவரும் முகம் திருப்பியிருக்கும் திசை ஒன்றுதான்.

எங்கட வாசகர்கள் பலர் இந்த நூலை ஒதுக்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. இஸ்ரேலை உறுதியாக ஆதரித்த வீசல் பலஸ்தீனர்களின் துயருக்காகக் குரல் எழுப்பவில்லை என்ற விமர்சனம் நியாயமானது. உலகம் மௌனமாக இருந்தது என்று குற்றஞ்சாட்டியவரிடம் அதே குற்றச்சாட்டை நாம் திருப்பி வைக்கலாம். அதுக்காக அந்தப் பதினைந்து வயதுப் பையனின் கண்ணீர் பொய்யாகிவிடாது. படுகொலையிலிருந்து தப்பி வந்து மோஷே சொன்னதைச் சிகெட் நம்பவில்லை. இன்று காஸாவிலிருந்து வரும் சாட்சியங்களைக் கேட்க மறுப்பவர்கள் முதலில் வாசிக்க வேண்டியதும் இந்தப் புத்தகத்தைத்தான்.