தணிக்கையாளர் விட்டுவைத்த குரல்கள்

முதல் உலகப்போரில் பங்கேற்ற இந்தியச் சிப்பாய்களின் மடல்கள் 600க்கும் மேற்பட்டவற்றை டேவிட் ஒமிசி தொகுத்து, 1999இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். படைத்தலைவர்களின் அறிக்கைகளைக் கொண்டே போர் வரலாறு எழுதிவந்தோரிடையே கடைநிலைச் சிப்பாயின் சொல்லுக்குத் தனிநூல் அமைந்ததை நாம் நன்றியோடு ஏற்கிறோம். எனினும், அச்சொல் எவ்வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை ஆராயாமல், இதுவே சிப்பாயின் உள்ளம் என மேற்கோள் காட்டுவது முறையாகாது.

1914 செப்டம்பரில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கியோரில் பலர் எழுத்தறியாதவர். ஒருவர் சொல்ல, வேறொருவர் எழுதினார். தணிக்கை அலுவலகம் அதைப் படித்து, வேண்டிய பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தன் அறிக்கையில் சேர்த்தது. இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் அப்பெயர்ப்பே. மூலம் மறைந்து, பெயர்ப்பு நின்ற நிலை மூலபாட ஆராய்ச்சியில் பழகிய நம் மாணவர்க்குப் புதியதன்று.

தம் மடல் பிறரால் படிக்கப்படும் என்பதைச் சிப்பாய்கள் அறிந்திருந்தனர். ஆகவே இந்தியரைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறித்து, கருமிளகு தீர்ந்துவருவதை ஊருக்கு உணர்த்தினர். (இந்துஸ்தானியில் மிளகுக்கும் மிளகாய்க்கும் 'மிர்ச்' என்னும் ஒரே சொல். மிளகு, மிளகாய் எனத் தமிழில் பெயர்த்தால் இவ்வுருவகம் பாதி கெட்டுவிடும்.) தணிக்கையாளர் இதன் பொருளை உணர்ந்துகொண்டார்; உணர்ந்ததனாலேயே அது அறிக்கையில் ஏறி நமக்குக் கிடைத்தது. அவர் கண்ணுக்குத் தப்பிய மறைமொழியோ ஊர் சேர்ந்து, உரியவரோடு மறைந்தது. பிடிபட்டதே எஞ்சியது என்னும் இம்முரணை ஒமிசியின் முன்னுரை இன்னும் விரிவாக எடுத்துரைத்திருக்கலாம் என்பது நம் கருத்து.

தொகுப்பின் எல்லையையும் மறத்தலாகாது. மடல்கள் பெரும்பாலும் பிரான்சையும் இங்கிலாந்தையும் சார்ந்தவை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் சிதறிய 63ஆம் பாளையங்கோட்டைப் படைப்பிரிவின்மீது அதிகாரிகள் சுமத்திய பழி ஏடுகளில் நிலைத்துவிட்டது. அச்சிப்பாய்களின் மறுமொழியை இந்நூலில் தேடிப் பயனில்லை.

ஆயினும் ஒன்றை மனமாரப் போற்றுகிறோம். 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவகத்தில் பிரிட்டானியர் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. மற்ற இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின்கீழ் வெறும் எண்ணிக்கையாயினர். இத்தகைய வேற்றுமைகளுக்காகக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். ஒமிசியோ ஒவ்வொரு மடலின் தலைப்பிலும் எழுதியவர் பெயர், சமூகம், இடம், மொழி, நாள் ஆகியவற்றைக் கிடைத்த அளவில் தருகிறார். வாசகர் பலர் விரைந்து கடக்கும் வரி அது. வகுப்பில் இந்நூலை எடுத்தாளும் ஆசிரியர்கள் அவ்வரியையும் உரக்க வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.