பாறை நிலத்து விதை

விதைப்பவன் உவமையிலே பாறை நிலத்தில் வீழ்ந்த விதை முளைக்கிறது, ஈரமின்மையாற் காய்ந்துபோகிறது. சிறிது காலம் நம்பிப் பின்னர் சோதனையில் விலகுவோர்க்கு லூக்கா சுவிசேஷம் அதனை ஒப்பிடுகிறது. அச்சிறிது கால நம்பிக்கை இரட்சிப்பாகுமா என்பது கிறிஸ்தவ இறையியலின் பழைய வினா.

இவ்வினாவுக்குரிய எதிரெதிரான இரு விடைகளும் ஈழத்துக்கு வந்துள்ளன. ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபை, 1618-19இல் டோட் நகரிற் கூடிய மன்றத்தின் முடிபைத் தழுவியது. மெய்விசுவாசம் இறுதிவரை நிலைக்கும். முற்றாக விலகியவன் என்றுமே மெய்யாக விசுவாசித்தவனல்லன் என்பது அதன் கருத்து. 1814இல் வந்த வெஸ்லிய மிஷனரிமாரோ மெய்விசுவாசியும் வீழக்கூடும் என்றனர்.

முதல் விடை தருக்க நிறைவுடையது. ஆயின் யாழ்ப்பாண வரலாறு அதன் குறையைப் புலப்படுத்துகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகத்துக்கும் சொத்துரிமைக்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. 1796இல் அவ்வாட்சி முடிந்தபின், ஞானஸ்நானம் பெற்றோருட் பெரும்பாலார் சைவராகவே வெளிப்பட்டனர். சட்டத்துக்கு இணங்கியவரும், ஒருகால் உண்மையாகவே நம்பி விலகியவரும் அவருள் இருந்திருத்தல் கூடும். ‘என்றுமே விசுவாசித்தவரல்லர்’ என்னும் ஒரே தீர்ப்பு இரு சாராரையும் ஒன்றாக்குகிறது. விசுவாசத்தைச் சட்டத்தால் விளைவிக்க முயன்ற சபையின் பொறுப்பையும் மறைத்துவிடுகிறது.

இதற்கு மறுதலையான சான்று திருகோணமலைப் பக்கத்திலே உண்டு. கிளிவெட்டியை உள்ளடக்கிய கொட்டியாரத்தின் கரையில், 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்டவர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாயிருந்து, 1679இல் தப்பினார். பின்னல் தொப்பியொன்றைக் கொடுத்து ஆங்கில வேதாகமத்தைப் பெற்றுப் பேருவகை கொண்டமையை, 1681இல் வெளிவந்த தமது நூலில் அவர் விவரிக்கிறார். அவரை வற்புறுத்தச் சபையோ சட்டமோ அங்கிருக்கவில்லை. அவர் பின்னாளில் மனந்தளர்ந்து முற்றாக விலகியிருப்பின், அன்றைய நம்பிக்கையும் பொய்யாகியிருக்குமா? டோட் மன்றத்தின் கொள்கைப்படி ‘ஆம்’ என்றே கூறவேண்டும். மனித அனுபவம் அவ்விடையை ஏற்பது அரிது.

உவமை விதையை நிந்திக்கவில்லை. பாறையில் முளைத்ததும் முளையே; ஆயினும் முளை விளைச்சலாகாது. தற்காலிக நம்பிக்கையை நிறைவான இரட்சிப்பு எனக் கொள்ளல் பொருந்தாது. பொய்யெனத் தள்ளலும் நீதியன்று. நெல் விதைக்கும் கிளிவெட்டி உழவன், கருகிய பயிரைக் கண்டு ‘இது முளைக்கவேயில்லை’ என்று கூறான். நீர் ஏன் எட்டவில்லை என்றே வினவுவான். சபைகளும் தம்மை நோக்கி முதலில் வினவவேண்டியது அதுவே.