ரஸ்ஸல் வந்தார், ஹியூம் வரவில்லை

கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். மேட்டூர் அணை கட்டிய காலத்தில், 1934ஐ ஒட்டி வெட்டியது. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் பத்திரிகையில் படம் வரும். அந்தத் தண்ணீர் பட்டுக்கோட்டை தாண்டி அதிராம்பட்டினம் பக்கத்து வயலுக்கு எட்டுவதற்குள் மேலே நடவே முடிந்திருக்கும். நடுவில் ஒவ்வொருவரும் தங்கள் மடையைத் திறந்து பாய்ச்சியது போக மிச்சம்தான் கடைமடைக்கு. மேலைத் தத்துவம் தமிழுக்கு வந்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான்.

எங்கள் தெருவில் ஒரு சாச்சா இருந்தார். கொழும்பில் கடையில் நின்றவர். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் சட்டை துணிமணிக்கு அடியில் மூன்று புத்தகங்கள் கிடந்தன. ஒன்று ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' தமிழில். இன்னொன்று மாஸ்கோவில் அச்சான மார்க்சிய நூல். மூன்றாவது, இலங்கையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் அளவையியல், அதாவது தருக்கம். ரஸ்ஸல் எதற்கு என்று கேட்டதற்கு, "நாம கிறிஸ்தவன் இல்லேங்கிறதுக்குப் புத்தகம் வேணாம், அவர் எப்படி வாதாடுறார்னு பாக்கத்தான்" என்றார். அளவையியல் புத்தகத்தில், எல்லா மனிதரும் இறப்பவர், சோக்கிரதீஸ் மனிதர் என்று தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் அரபு எழுத்தில் ஒரு சொல் எழுதியிருந்தது. "மன்திக்னு எழுதிருக்கேன். மதரஸாவுல ஓதுனதுதான் இது. அங்கே உதாரணத்துக்கு சோக்கிரதீஸ் கிடையாது, ஜைது."

அவர் சொன்னது வரலாற்றுக்கு ஒத்துவருகிற செய்தி. மரபான அரபிப் பாடத்திட்டத்தில் மன்திக் எனப்படும் தருக்கத்துக்கு முதல் நூல் 'ஈசாகூஜி'. 13ஆம் நூற்றாண்டில் அப்ஹரீ எழுதியது. அந்தப் பெயரே கிரேக்கப் பெயர். அரிஸ்டாட்டிலின் தருக்கத்துக்கு போர்ஃபிரி எழுதிய முன்னுரை நூலின் தலைப்பு அரபு வாய்க்குள் புகுந்து வந்தது. ஆகவே 'மேற்கு' இந்தக் கடற்கரைக்கு முதலில் வந்தது ஆங்கிலத்தில் என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆனால் டெகார்ட்டுக்குப் பிந்தைய மேற்கு வேறு வழியாக வந்தது. இக்கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

அதிரை என்று நாங்கள் சொல்லும் அதிராம்பட்டினத்திலிருந்து கடலோரமாகக் கோடியக்கரை சுற்றி வடக்கே போனால் தரங்கம்பாடி. 1706இல் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய துறை. அவரை உருவாக்கிய ஜெர்மனியின் ஹாலே நகரம் அப்போது பக்திவாதிகளின் கோட்டை. அதே ஹாலேயில் கிறிஸ்டியான் வோல்ஃப் என்ற பகுத்தறிவுவாதப் பேராசிரியரும் இருந்தார். கடவுள் வெளிப்பாடு இல்லாமலே சீனர்கள் ஒழுக்கத்தை அறிந்திருந்தார்கள் என்று 1721இல் அவர் பேசிவிட, பக்திவாதிகள் விடவில்லை. 1723இல் அரசர் உத்தரவு வந்தது: 48 மணி நேரத்தில் வெளியேறு, இல்லையேல் தூக்கு. சீகன்பால்குவின் கதி அவ்வளவு மோசமில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை ஹாலே அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினோமே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் பதில். நூல் வெளிவந்தது 1867இல். பிறர் நாட்டு அறிவை மதித்துப் பேசியதற்காக ஒருவருக்கு நாடு போயிற்று, இன்னொருவருக்கு நூல் போயிற்று. இந்த இரு முகாமுக்கும் பொதுப்பிள்ளை இம்மானுவேல் கான்ட். படித்த பள்ளி பக்திவாதிகளுடையது. பல்கலைக்கழகத்தில் கற்றது வோல்ஃபின் தத்துவம்.

தரங்கம்பாடி வழியே தத்துவம் உள்ளே வந்ததைவிட வெளியே போனதுதான் அதிகம். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் இருந்து தமிழ் படித்த கார்ல் கிரௌல் குறளை ஜெர்மனில் பெயர்த்தார். ஷோப்பன்ஹவர் தம் முதன்மை நூலின் 1859ஆம் ஆண்டுப் பதிப்பில் கிரௌலைச் சுட்டி ஒரு குறளை எடுத்தாள்கிறார். துறவு அதிகாரம், 346. யான், எனது என்ற இரண்டையும் விட்டொழிப்பதைப் பற்றிய குறள். நம் ஊர் மேடைகளில் 'உலகப் பொதுமறை' என்று முழங்குகிறவர்கள் இந்த ஒரு வரிச் செய்தியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆங்கிலக் கல்லூரிகளின் பங்கைச் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். கும்பகோணத்தில் 1854இல் தொடங்கிய கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி எல்லாவற்றிலும் தத்துவம் தேர்வுப் பாடமாக ஆங்கிலத்திலேயே பிறந்து ஆங்கிலத்திலேயே அடங்கியது. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் 1920இல் லண்டனில் வெளியிட்ட நூலில் லைப்னிட்ஸ், பெர்க்சன், வில்லியம் ஜேம்ஸ், ரஸ்ஸல் ஆகியோரை வரிசையாக நிறுத்தி, சமகாலத் தத்துவத்துக்குள் சமயம் நுழைந்து கெடுக்கிறது என்று வாதிட்டார். துணிச்சலான நூல்தான். ஆனால் தஞ்சாவூர் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் அது ஒரு அசைவையும் உண்டாக்கவில்லை.

அசைவு 1929இல் வந்தது. ஜனவரியில் முகமது இக்பால் சென்னை வந்து விரிவுரை ஆற்றினார். செலவை ஏற்றவர் தோல் வணிகர் ஜமால் முகமது. பின்னாளில் திருச்சிக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. கேம்பிரிட்ஜிலும் மியூனிக்கிலும் படித்தவர் இக்பால். கான்ட், நீட்சே, பெர்க்சன், ஐன்ஸ்டைன் எல்லோரையும் இழுத்து வைத்து, இஸ்லாமியச் சிந்தனையை மறுபடி கட்ட முடியுமா என்று பார்த்தார். மறுவருடம் அது நூலாயிற்று. ஜீனோவின் புதிரைப் பேசும் இடத்தில் ரஸ்ஸலும் வருகிறார். அடுத்த மாதமே, பிப்ரவரியில், செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. அந்த இயக்கத்துக்கும் ரஸ்ஸல் வேண்டியவர். அவர் 1927 மார்ச்சில் லண்டனில் ஆற்றிய உரைதான் சாச்சாவின் பெட்டியில் இருந்த புத்தகம். தமிழில் பெயர்த்தவர் குத்தூசி குருசாமி. ஊர் குருவிக்கரம்பை, பேராவூரணிப் பக்கம். அதிரைக்கு அடுத்த வீடு மாதிரி.

ராதாகிருஷ்ணனுக்கு ரஸ்ஸல் ஒரு வாதி, இக்பாலுக்கு ஒரு கணித அறிஞர், குருசாமிக்கு ஒரு ஆயுதம். மூவரில் தமிழில் எழுதியவர் மூன்றாமவர் மட்டுமே. அதனால் தமிழனுக்குக் கிடைத்த ரஸ்ஸல் அந்த ரஸ்ஸல்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேநீர்க் கடையில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்கும் பிரசுரமாகத் தத்துவத்தைக் கொண்டுபோனது சுயமரியாதை இயக்கம். எந்தத் தத்துவத் துறையும் அதைச் செய்ததில்லை. 1931இல் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டதும் அவர்களுடைய 'குடி அரசு'தான்.

ஆனால் சண்டைக்கு எடுத்துவந்த பொருள் சண்டை முடிந்ததும் மூலையில் கிடக்கும். ரஸ்ஸல் கடவுளை மறுக்கும் வாதங்களில் பாதி ஹியூம் வீட்டுச் சரக்கு. ஹியூம் எங்கே? மார்க்ஸ் வந்தார், அவர் தலைகீழாகப் புரட்டிய ஹெகல் எங்கே? வெ. சாமிநாத சர்மா தனி ஒருவராக பிளேட்டோவையும் ரூசோவின் சமுதாய ஒப்பந்தத்தையும் தமிழாக்கினார். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதற்கப்பால் மாஸ்கோவிலிருந்து வந்த மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்களில் கான்ட்டும் ஹியூமும் கருத்துமுதல்வாதிகள் என்ற முத்திரையோடு இரண்டு பத்தியில் தோற்றுப் போனார்கள். தோற்றவர் என்ன சொன்னார் என்பதே தெரியாமல் வென்றவருக்குக் கை தட்டினோம்.

அடுத்த தண்ணீர் சிறுபத்திரிகை வழியாக. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் மறுவருடமே எஸ்.வி. ராஜதுரையின் 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' நூலை வெளியிட்டது. நெருக்கடிநிலை அறிவித்த வருடம். மனிதன் சுதந்திரமாக இருக்கச் சபிக்கப்பட்டவன் என்ற சார்த்தரின் கருத்தை அந்த வருடம் படித்தவர்களுக்கு அது வெறும் பாடமாக இருந்திருக்காது. 1980இல் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகப் பெயர்த்த காம்யுவின் 'அந்நியன்' வந்தது. ஒரு தத்துவம் நல்ல தமிழில் எப்படி மூச்சுவிடும் என்பதற்கு இன்றைக்கும் நான் அதைத்தான் காட்டுவேன். 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்'. 90களில் 'நிறப்பிரிகை' இதழ். அதை நடத்தியவர்களில் அ. மார்க்ஸ் பாப்பாநாட்டுக்காரர், எங்கள் டெல்டாதான். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஃபூக்கோவும் தெரிதாவும் தலித் அரசியலோடும் கீழ்வெண்மணியை மறக்காத மண்ணோடும் சேர்ந்து பேசப்பட்டது அங்கேதான். அதே காலத்தில் 'கட்டுடைத்தல்' என்று எழுதிவிட்டால் கட்டுரை முடிந்தது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத அந்த உரைநடையைப் படித்து, தப்பு என் மூளையில்தான் என்று நான் இரண்டு வருடம் நம்பியிருந்தேன்.

மேலைத் தத்துவத்தை வரிசையாகச் சொல்ல முயன்ற நூல்களும் உண்டு, ந. முத்துமோகனின் 'ஐரோப்பியத் தத்துவங்கள்' கையில் வைத்துக்கொள்ளத் தக்கது. ஆனால் வரலாறு சொல்லும் நூல் மூலத்துக்கு ஈடாகாது. ஃபூக்கோ கான்ட்டோடு ஆயுள் முழுக்க வழக்காடியவர். எதிர்க்கட்சிக்காரரின் மனுவையே பார்க்காமல் நாம் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கடற்கரையில் நின்றால் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். அங்கே பள்ளிப் பிள்ளைகள் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று தமிழிலேயே ஒரு பாடம் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறை இருக்கிறது, சோ. கிருஷ்ணராஜா போன்றவர்கள் தமிழில் பாடம் நடத்தி, தமிழிலேயே நூலும் எழுதினார்கள். தொகுத்தறிதல், உய்த்தறிதல் என்ற சொற்கள் அங்கே பதினேழு வயதுப் பிள்ளையின் வாயில் புழங்குகின்றன. இங்கே 'தத்துவம்' என்றால் பட்டுக்கோட்டையாரும் கண்ணதாசனும் எழுதிய பாட்டுகளின் தொகுப்பு. பட்டுக்கோட்டையாரைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஊர்ப்பாசம் இடம் தராது. ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுக்கலாம்.

சாச்சா மவுத்தாகிப் பல வருடம் ஆயிற்று. அந்த அளவையியல் புத்தகம் இப்போது என்னிடம். அதன் கடைசிப் பகுதியில், காரண காரியத் தொடர்பை நாம் கண்ணால் காண்பதில்லை, பழக்கத்தால் நம்புகிறோம் என்ற ஹியூமின் வாதம் ஒரு பத்தியில் வருகிறது. அதன் கீழ் பென்சிலில், இந்தத் தடவை தமிழில்: "கஸ்ஸாலி இமாம் இதைச் சொல்லிட்டாங்களே." பஞ்சு எரிவதற்கு நெருப்புதான் காரணமா என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கஸ்ஸாலி கேட்டது உண்மைதான். இருவரும் அங்கிருந்து வேறு வேறு திசையில் போனார்கள் என்பதும் உண்மை. எப்படி வேறு என்று பார்க்க ஹியூமையே முழுதாகப் படித்தாக வேண்டும்.

மனித அறிவைப் பற்றி ஹியூம் 1748இல் எழுதிய விசாரணை நூல் பெரிதல்ல. மொத்தம் பன்னிரண்டு பிரிவு. ஒரு பத்திரிகை மாதம் ஒன்றாக வெளியிட்டால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். சாச்சா மாதிரி பென்சிலோடு படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆங்கிலமும் நல்ல தமிழும் கைவந்த யாராவது முதல் பிரிவைத் தொடங்குங்கள்.